திருப்பிப் பார்க்காத மருந்துச் சீட்டு

மருந்துக்கடைக் கவுன்ட்டருக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளே, வில்லியனூரில் ஒரே கடையில் முப்பத்தொரு வருஷம் நின்றவள் நான். அத்தனை வருஷம் நின்றதில் எனக்குச் சேர்ந்தவை இரண்டு. ஒன்று, காலில் புடைத்த நரம்பு. இன்னொன்று, டாக்டருக்குத் தெரியாததுகூட எனக்குத் தெரியும் என்ற நினைப்பு. நரம்பு இன்னும் இருக்கிறது. நினைப்பை இறக்கிவைத்தவள் பிலோமினா என்கிற ஒரு பெண். அவள் கதையைத்தான் சொல்லப்போகிறேன். மாத்திரையை எப்படி அடுக்குவது, குளிர்பெட்டியில் எதை வைப்பது என்பதெல்லாம் உங்களுக்குக் கல்லூரியிலேயே சொல்லியிருப்பார்கள். இதைச் சொல்லியிருக்க மாட்டார்கள். சொல்லியிருந்தாலும் அன்றைக்கு நீங்கள் கடைசி பெஞ்சில் போன் பார்த்துக்கொண்டிருந்திருப்பீர்கள்.

பிலோமினாவுக்கு அப்போது நாற்பத்திரண்டு வயது இருக்கும். வில்லியனூருக்குப் பக்கத்து ஊர். புருஷன் சவரிநாதன், கொஞ்சம் நெல்லும் கொஞ்சம் கரும்பும் நிறைய அபிப்பிராயமும் விளைவிக்கிறவர். அவள் திருபுவனையில் பிளாஸ்டிக் மூடி செய்யும் கம்பெனியில் செக்கிங் வேலை பார்த்தாள். பெல்ட்டில் வரிசையாக மூடிகள் வரும். கீறல், கோணல், ஊசிமுனை ஓட்டை எது இருந்தாலும் கண்ணால் பிடித்துப் பொறுக்கிப் போட வேண்டும். அந்த லைனில் அவளைப்போல் பிடிக்க ஆளில்லை என்று பேர் வாங்கியிருந்தாள்.

அவளுடைய தொல்லை மூத்திரப்பை வலி. "அடிவயித்துல ஆரோ கண்ணாடித் துண்டை வெச்சுக் கிண்டற மாதிரி இருக்குதுக்கா" என்பாள். அரை மணிக்கு ஒரு தடவை பாத்ரூம் போக வேண்டும். போனால் நாலு சொட்டு. திரும்பி வந்து நின்றால் மறுபடியும் அதே அவசரம். கம்பெனியிலோ பாத்ரூம் போக டோக்கன் வேண்டும். இருபது பெண்களுக்கு ஒரே டோக்கன். சூப்பர்வைசர் எல்லோரும் கேட்க, "இன்னா பிலோமினா, உனக்கு அங்கியே ஒரு சேர் போட்டுடட்டுமா" என்பானாம். நல்ல நகைச்சுவை உணர்வு உள்ள மனிதன். அவனுடைய மூத்திரப்பை நன்றாக இருந்தது.

இதற்கு ஆறு வருஷம் வைத்தியம் பார்த்தவர் யார் என்று கேளுங்கள். நான்தான். சீட்டு கிடையாது, சோதனை கிடையாது. அவள் வந்து குரலைத் தாழ்த்தி, "அக்கா, மறுபடி எரிச்சல்" என்பாள். நான் தலையைக்கூட முழுசாகத் தூக்காமல் ஐந்து நாள் ஆன்டிபயாட்டிக் எடுத்து வைப்பேன். தப்பு என்று சட்டம் சொல்லும். சட்டம் எங்கள் கடைப் பக்கம் வரும்போது முன்கூட்டியே தகவல் வந்துவிடும். இரண்டு தடவை அவளாகவே லேபில் யூரின் டெஸ்ட் எடுத்துக்கொண்டு வந்தாள். கிருமியே இல்லை என்று வந்திருந்தது. பார்த்துவிட்டு நான் சொன்னது இது: "சில கிருமி டெஸ்ட்டுல மாட்டாது." எந்தப் புத்தகத்தில் படித்தேன் என்று கேட்காதீர்கள். இல்லாத கிருமிக்கு மருந்து கொடுத்து, அது சாகவில்லை என்று இன்னும் கொஞ்சம் கொடுத்தவள் உங்கள் சீனியர்.

ஒருநாள் காலை, ஷிப்ட்டுக்குப் போகும் பஸ்ஸில் அவளால் முடியவில்லை. நடுவழியில் கத்தி இறங்கிக் கரும்புக்கொல்லைக்குள் ஓடியிருக்கிறாள். பஸ் காத்திருக்கவில்லை. புடவை நனைந்த நிலையில் அடுத்த பஸ்ஸில் ஏற வெட்கப்பட்டு, ரோட்டோரமாகவே மூன்று கிலோமீட்டர் வீட்டுக்கு நடந்திருக்கிறாள். அன்றைக்குத்தான் என் வைத்தியத்தை விட்டுவிட்டு ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனாள். அங்கே ஒரு பெண் டாக்டர், சிறுநீரக நிபுணர். குழாய் விட்டு மூத்திரப்பையின் உள்ளே பார்த்துவிட்டு, "இது இன்பெக்‌ஷனே இல்லம்மா. பையோட உள்சுவர்ல இருக்கிற வலி. ஆன்டிபயாட்டிக் யாரு குடுத்தா இத்தனை வருஷமா" என்று கேட்டாராம். பிலோமினா என் பேரைச் சொல்லவில்லை. "கடையில" என்று மட்டும் சொன்னாளாம். அவளுடைய பெருந்தன்மை அது. எனக்கு அப்போது அது பெருந்தன்மையாகத் தெரியவில்லை, மரியாதையாகத் தெரிந்தது.

டாக்டர் எழுதியது பென்டோசன் பாலிசல்ஃபேட் என்ற கேப்சூல். ஒரு நாளைக்கு மூன்று. சீட்டோடு அவள் கடைக்கு வந்த சாயங்காலம் மாதா கோயில் தேர். கவுன்ட்டருக்கு முன்னால் நாலு வரிசை. கூட்டத்தில் சீட்டை வாங்கி முன்பக்கத்தில் இருந்த மூன்று வரியைப் படித்தேன். கேப்சூலைக் கடையில் வைத்திருக்கவில்லை, மறுநாள் பாண்டியிலிருந்து வரவழைத்துக் கொடுத்தேன். கொடுக்கும்போது ஒரு பிரசங்கமும் செய்தேன்.

"பிலோமினா, இது எல்லா மாத்திரை மாதிரி சோத்துக்கு அப்புறம் போடற மாத்திரை இல்ல. வெறும் வயித்துல போடணும். சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னாடி, இல்லன்னா சாப்பிட்டு ரெண்டு மணி நேரம் கழிச்சு. ஒரு டம்ளர் தண்ணியோட."

"தண்ணியா?" என்றாள். "தண்ணி குடிச்சா டோக்கனுக்கு எங்கக்கா போறது? நான் கம்பெனியில வாயே நனைக்கறதில்ல."

அப்போதுதான் தெரிந்தது, அந்த லைனில் ஒரு பெண்ணும் பகலில் தண்ணீர் குடிப்பதில்லை என்று. இருவரும் உட்கார்ந்து நேரம் போட்டோம். காலை ஐந்தரைக்கு ஒன்று, பஸ் ஏறும் முன்பே. டிபன் எட்டு மணிக்கு, சாப்பாடு பன்னிரண்டரைக்கு என்பதால் பத்தரை டீயை விட்டுவிட்டு அந்த நேரத்தில் ஒன்று. சாயங்காலம் வீடு திரும்பியதும் ஒன்று. இந்த அட்டவணை போட்டதில் எனக்கு உச்சி குளிர்ந்துபோனது. கல்லூரியில் நோயாளிக்கு ஆலோசனை என்று ஒரு பாடம் இருக்குமே, அதற்குப் படமே என்னை வைத்துத்தான் எடுத்திருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

இந்த மருந்து மெதுவாக வேலை செய்யும். பத்தாம் நாள் சவரிநாதன் வந்தார். "இன்னாம்மா மருந்து இது? ஒண்ணும் கேக்கல. மோர்ல வெந்தயத்த ஊறப்போட்டுக் குடிச்சா ஒரே நாள்ல கேக்கும்னு வாட்சப்புல வந்துக்கினு இருக்குது."

"மூணு மாசம் பொறுங்க. இது உள்சுவர்ல ஒரு பூச்சு மாதிரி கொஞ்சம் கொஞ்சமா வேலை செய்யறது. நடுவுல நிறுத்திட்டா எதுக்கும் உதவாது."

பொறுத்தார்கள். நாலாவது மாதம் பிலோமினா வேளாங்கண்ணிக்குப் பஸ்ஸில் போய்வந்தாள். வழியில் எல்லோரும் இறங்கின இடத்தில் மட்டும் இறங்கினாளாம். எனக்கு ஒரு பொட்டலம் மிட்டாய் கொண்டுவந்து கொடுத்தபோது அவளுக்குக் கண் கலங்கியிருந்தது. சவரிநாதனுக்கு மருந்தின் மேல் திடீரென்று அப்படி ஒரு பக்தி. சீட்டு கசங்கிவிடக் கூடாது என்று அதை லேமினேஷன் போட்டுக் கொண்டுவந்தார். முன்பக்கம் டாக்டர் எழுத்து. பின்பக்கம் காலண்டரிலிருந்து வெட்டிய மாதா படம்.

நான் அதைப் பாராட்டினேன். ஆமாம், பாராட்டினேன். இனி அந்த அட்டை வந்தால் கேப்சூல் போகும். மாதாமாதம் அட்டை வந்தது, கேப்சூல் போனது. சீட்டின் தேதி பழசாகிக்கொண்டே போனது. மறுபடி டாக்டரிடம் காட்டினாயா என்று ஒரு தடவைகூட நான் கேட்கவில்லை. வலி இல்லாத ஆளை டாக்டரிடம் எதற்கு அனுப்புவது?

நடுவில் ஒருநாள் என் தலைக்கனத்துக்கு இன்னும் தீனி கிடைத்தது. கன்னம் வீங்கி வந்து நின்றாள். பல்வலி, மறுநாள் பிடுங்கப்போகிறார்கள், அதுவரைக்கும் வலிக்கு ஆஸ்பிரின் கொடுங்கள் என்றாள். இந்தக் கேப்சூல் ரத்தத்தைக் கொஞ்சம் இளக்கும். அதோடு ஆஸ்பிரினும் சேர்ந்தால் ரத்தம் நிற்க நேரமாகும். கொடுக்க மறுத்தேன். "பல் டாக்டர்கிட்ட இந்தக் கேப்சூல் சாப்பிடறேன்னு மொதல்ல சொல்லு, அப்புறம் வாயத் தொற" என்று சொல்லி அனுப்பினேன். பல் டாக்டர் அந்தப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டுக் கேட்டு, தேதியைத் தள்ளிவைத்து, பிறகு பிடுங்கினார். இந்தக் கதையை நான் ஒரு வருஷம் சொன்னேன். மருந்துக் கம்பெனிப் பிரதிநிதிகளிடம், பக்கத்துக் கடை ஜெராக்ஸ்காரரிடம், கேட்காதவர்களிடமும் சொன்னேன்.

மூன்றாவது வருஷக் கடைசியில் பிலோமினா மூக்குக்கண்ணாடியோடு வந்தாள். பஞ்சாயத்து ஆபீஸ் பக்கத்தில் இலவசக் கண் முகாமாம். சுவரில் மாட்டிய எழுத்தைப் படிக்கச் சொல்லிக் கண்ணாடி கொடுத்தார்களாம். "வயசாயிடிச்சு, நாப்பது தாண்டுனா வரத்தானே செய்யும்" என்றேன். கண்ணாடி அவளுக்கு நன்றாக இருக்கிறது என்றும் சொன்னேன். மருந்தாளுநர் படிப்பு இதற்கும் உதவுகிறது.

நாலாவது வருஷம், மழை விட்டு வெயில் பளிச்சென்று அடித்த ஒரு சாயங்காலம். முதலாளி கடைக்குப் புதிதாக வெள்ளை எல்இடி விளக்குகள் போட்டிருந்தார். அவ்வளவு வெளிச்சத்தில் கவுன்ட்டருக்குள் நிற்கும்போது எங்களுக்கே கண் கூசும். பிலோமினா படியேறி வந்து வாசலிலேயே சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"இன்னாக்கா, லைட் போடலியா? ஒரே இருட்டா கீது."

வரிசையில் நின்ற ஓர் ஆள் சிரித்தார். நானும் சிரித்தேன். "ஏன்டி, சூரியனையே புடிச்சுக் கட்டி வெச்சிருக்குது, இருட்டுன்றியே."

அவள் சிரிக்கவில்லை. "இல்லக்கா, வெளியில இருந்து உள்ள வந்தா கொஞ்ச நேரம் ஒண்ணும் தெரிய மாட்டேங்குது. கோயிலுக்குள்ள போனாலும் இப்பிடித்தான். நின்னு நின்னு போறேன். கண்ணாடிய மாத்தணும் போல." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "கம்பெனியில நாலு பெட்டி திரும்பி வந்துடுச்சு. ஓட்டை மூடி எல்லாம் என் கையத் தாண்டிப் போயிருக்குது. பாத்துக்கினுதான் இருந்தேன். நடுவுல மட்டும் எழுத்து, மூடி எல்லாம் அழிஞ்ச மாதிரி தெரியுது. சூப்பர்வைசர் மெமோ எழுதிக் குடுத்துட்டாரு. இன்னொரு பெட்டி வந்தா வேலை போயிடும்."

இதைச் சொல்லிவிட்டு வழக்கம்போல அட்டையை நீட்டினாள். "ரெண்டு மாசத்துக்கு சேத்தே குடுத்துடுக்கா."

கை கேப்சூல் பெட்டியை எடுத்துவிட்டது. முப்பது வருஷப் பழக்கத்துக்கு மூளை தேவையில்லை. ஆனால் பெட்டியை மேஜையில் வைக்க வரவில்லை. கண்ணாடி போட்ட பிறகும் தெரியவில்லை என்கிறாள். வெளிச்சத்திலிருந்து வந்தால் தெரியவில்லை என்கிறாள். நடுவில் அழிகிறது என்கிறாள். இது கண்ணாடி போட்டால் சரியாகிற கோளாறு மாதிரி இல்லையே என்று தோன்றியது. பெட்டிக்குள் ஒரு துண்டுத்தாள் இருக்கும். கொசு படிக்கிற அளவு எழுத்தில், ரவிக்கைத் துணி மாதிரி எட்டாக மடித்து வைத்திருப்பார்கள். நாலு வருஷத்தில் நாற்பதுக்கு மேல் பெட்டி என் கையால் போயிருக்கிறது. அந்தத் தாளை அன்றைக்குத்தான் முதல்முதலாகப் பிரித்தேன்.

வரிசை முனகியது. முதலாளி கல்லாவிலிருந்து, "இன்னாம்மா, படிக்கவா உக்காந்துட்ட" என்றார். நான் விரலை வைத்து வரிவரியாகத் தேடினேன். இருந்தது. நீண்ட நாள் சாப்பிடுகிறவர்களுக்குக் கண்ணின் பின்னாலிருக்கும் விழித்திரையில் நிறமாற்றம் வரலாம், படிக்கச் சிரமம், மங்கலான வெளிச்சத்துக்குக் கண் பழகத் தாமதம் இவற்றைக் கவனிக்க வேண்டும், தொடங்கியதும் ஒரு தடவையும் பிறகு அவ்வப்போதும் விழித்திரையைப் பரிசோதிக்க வேண்டும்.

அட்டையை வெளிச்சத்தில் பிடித்தேன். முன்பக்கத்தின் கீழ் மூலையில், டாக்டர் கையெழுத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அம்புக்குறி. பக்கம் திருப்பவும் என்று அர்த்தம். தேர் அன்றைக்கும் அது அங்கேதான் இருந்திருக்கும். திருப்பினேன். மாதா என்னைப் பார்த்துப் புன்னகைத்தார்.

கத்திரிக்கோலை எடுத்தேன். சவரிநாதன் அதுவரை வெளியே பைக்கில் உட்கார்ந்திருந்தார். நான் அட்டையின் ஓரத்தை வெட்டுவதைப் பார்த்ததும் உள்ளே வந்தார்.

"யம்மா, இன்னா பண்ற? மாதா படத்துல போயி கத்திரி வெக்கிற?"

"படத்துக்கு ஒண்ணும் ஆவாதுண்ணா. பின்னாடி எழுத்து இருக்குது. நீங்க ஒட்டி மறைச்சிருக்கீங்க."

"நாலு வருசமா இத வெச்சுத்தானே நீயே குடுத்துக்கினு இருந்த. இப்ப மட்டும் இன்னா?"

நியாயமான கேள்வி. வெட்டிக்கொண்டே இருந்தேன். படம் பாதி கிழிந்துதான் வந்தது. அடியில் நீல மையில், நிறுத்தி நிதானமாக எழுதியிருந்தார் அந்த டாக்டர். டாக்டர்கள் கையெழுத்தைப் பற்றி நான் அடித்த ஜோக்குகளுக்கெல்லாம் பழிவாங்குவது போல முத்துமுத்தான எழுத்து. மூன்று மாதத்தில் மறுபடி வர வேண்டும். ஆறு மாதத்துக்குள் விழித்திரைப் பரிசோதனை, அதன்பிறகு ஒவ்வொரு வருஷமும். ஏதாவது ஆபரேஷன், பல் பிடுங்குவது என்றால் முன்கூட்டிச் சொல்ல வேண்டும். பார்வையில் மாற்றம் தெரிந்தால் உடனே வர வேண்டும். அடியில் ஆஸ்பத்திரிப் பிரிவின் போன் நம்பர்.

உரக்கப் படித்தேன். பிலோமினா கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டாள்.

இந்த இடத்தைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். என் முன்னால் இரண்டு வழி இருந்தது, இரண்டும் வசதியானவை. ஒன்று, முதலாளி சொன்னது: "ஒரு ஸ்ட்ரிப் மட்டும் குடுத்தனுப்பு. நாளைக்கு டாக்டரைப் பாத்துக்கட்டும். கூட்டம் நிக்குது பாரு." இன்னொன்று, என் பயம் சொன்னது: இந்த மருந்தை இனிமேல் தொடாதே என்று சொல்லிப் பெட்டியை ஒளித்துவிட்டு நல்லவளாகிவிடு. முதலாவது அவள் கண்ணோடு விளையாடுவது. இரண்டாவது, மறுபடியும் நானே டாக்டராவது. ஆறு வருஷம் ஆன்டிபயாட்டிக் கொடுத்த அதே திமிர், இந்தத் தடவை நல்ல எண்ணம் என்ற வேஷத்தில்.

அந்த நம்பருக்குப் போன் போட்டேன். நர்ஸ் எடுத்தார். அவசரம் என்று சொன்னதும் டாக்டரே வந்தார். நடந்ததைச் சொன்னேன்.

"நாலு வருஷமா மாதா படத்தைப் பாத்தே மருந்து குடுத்திருக்கீங்க."

"ஆமா மேடம்."

"சரி. என்னைப் பாக்கற வரைக்கும் மருந்து வேண்டாம். நாளைக்குக் காலையில ரெட்டினா பாத்துட்டு என்கிட்ட வரட்டும். நிறுத்தறதா வேண்டாமான்னு நான் சொல்றேன். நீங்க எதுவும் சொல்ல வேண்டாம். வேற என்னென்ன மாத்திரை சாப்பிடறாங்கன்னு எழுதிக் குடுங்க. அதையாவது சரியா எழுதுங்க."

எனக்குக் குரு என்று யாரும் இருந்ததில்லை. அந்த ஒரு நிமிஷ போன்தான் எனக்குக் குருகுலம். அந்த அம்மாளின் முகத்தை மறுநாள்தான் பார்த்தேன்.

போனை வைத்ததும் பிலோமினா கேட்டாள். "அக்கா, மருந்து இல்லாம நாளைக்கு நான் எப்பிடிப் பஸ்ல போவேன்?"

அவளுக்குக் கண்ணைப் பற்றிய பயம் இன்னும் வரவில்லை. கரும்புக்கொல்லையும் நனைந்த புடவையும்தான் வந்திருந்தன. எனக்கு அது அப்போது புரிந்தது. கலங்காமல் நின்றேன் என்று சொல்ல ஆசை. நிற்கவில்லை. கவுன்ட்டரைச் சுற்றி வெளியே வந்து, "நாளைக்குப் பஸ் வேண்டாம், நான் கூட வரேன்" என்று சொல்லி அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அவள் கையை உதறிவிட்டாள்.

மறுநாள் கண்ணில் சொட்டு மருந்து விட்டு, பாவை விரிந்த பிறகு உள்ளே பார்த்தார்கள். படம் எடுத்தார்கள். கண் டாக்டர் இளைஞர், படத்தைத் திரையில் காட்டி நிதானமாக விளக்கினார். விழித்திரையின் நடுப்பகுதியில் புள்ளிபுள்ளியாக நிறம் மாறியிருந்தது. இரண்டு கண்ணிலும். சிறுநீரக டாக்டர் அன்றே மருந்தை நிறுத்தினார். போன பார்வை திரும்பாது, மிச்சம் இருப்பதைக் காப்பாற்றப் பார்ப்போம், நிறுத்தின பிறகும் கொஞ்சம் நகரலாம், அதனால் வருஷம் தவறாமல் வந்து காட்ட வேண்டும் என்றார். பிறகு என்னைப் பார்த்து, "நீங்க யாரு, அவங்க அக்காவா" என்றார்.

"மருந்து குடுத்தது நான்தான் மேடம். அதுக்கு முன்னாடி ஆறு வருஷம் ஆன்டிபயாட்டிக் குடுத்ததும் நான்தான்."

சொல்லாமல் இருந்திருக்கலாம். அக்கா என்று தலையாட்டியிருந்தால் போதும். டாக்டர் திட்டவில்லை. அது இன்னும் மோசமாக இருந்தது. "மூணு மாசத்துல வரலைன்னப்ப நாங்களும் கூப்பிட்டிருக்கணும்" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுதத் தொடங்கினார். எழுதி முடித்ததும் தாளைத் திருப்பி, பின்பக்கத்தை எனக்குக் காட்டிவிட்டுத்தான் கொடுத்தார்.

பிலோமினா எட்டு மாதம் என்னோடு பேசவில்லை. வேறு கடைக்குப் போனாள். வலி முழுசாக இல்லாவிட்டாலும் திரும்பி வந்திருந்தது. மூத்திரப்பைக்குள்ளேயே குழாய் வழியாக மருந்து விட்டார்கள், இடுப்புத் தசைக்குப் பயிற்சி சொல்லிக் கொடுத்தார்கள், புளிப்பையும் காரத்தையும் டீயையும் குறைக்கச் சொன்னார்கள். இதெல்லாம் சவரிநாதன் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவர் மட்டும் எங்கள் கடைக்கு வந்துகொண்டிருந்தார், வாட்சப்பில் வந்த வைத்தியத்தை என்னிடம் சரிபார்க்க.

அவர் சொன்ன இன்னொரு செய்தி. செக்கிங் வேலை இனி அவளால் முடியாது. கம்பெனி அனுப்பிவிடப் பார்த்தது. அவள் டாக்டரிடம் கடிதம் வாங்கிக்கொண்டு மேனேஜர் அறைக்கே போய்விட்டாளாம். பேக்கிங்கில் போடுங்கள், கையால் எண்ணும் வேலைக்குக் கண் நடுவில் தெரிய வேண்டாம் என்றாளாம். போகிற போக்கில் பாத்ரூம் டோக்கனை எடுத்து அவர் மேஜை மேல் வைத்து, "சார், இத நீங்க ஒரு வாரம் வெச்சுக்கினு பாருங்க. டோக்கன் இல்லாம நீங்களும் போவக் கூடாது" என்றாளாம். மேனேஜர் வைத்துக்கொள்ளவில்லை. அந்த லைனில் இப்போது டோக்கன் இல்லை. பெண்கள் தண்ணீர் குடிக்கிறார்கள். நகைச்சுவை உணர்வுள்ள அந்தச் சூப்பர்வைசர் இதற்கு என்ன ஜோக் அடித்தான் என்று தெரியவில்லை.

ஒன்பதாவது மாதம் அவளே வந்தாள். கடை நிறைய ஆள் இருக்கிற ஆறு மணிக்கு. புதுச் சீட்டு ஒன்றைக் கவுன்ட்டரில் வைத்து, ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"எனக்குச் சின்ன எழுத்து இனிமே தெரியாது. பொட்டிக்குள்ள இருக்கிற தாள எடு. முழுசாப் படி."

"பிலோமினா, கூட்டத்த அனுப்பிட்டு..."

"இப்பவே படிக்கா. அன்னிக்கும் கூட்டம்தானே."

படித்தேன். முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும், தமிழில் சொல்லிச் சொல்லி. ஒரு வரியை விட்டால் நடுவில் நிறுத்திக் கேட்பாள். எப்படிக் கண்டுபிடித்தாளோ, பக்கம் தாவினால் தாளின் சத்தத்திலேயே தெரிந்துவிடும். அன்றிலிருந்து ஒவ்வொரு மாதமும் இப்படித்தான். தனக்கு மட்டுமில்லை. சவரிநாதனின் காய்ச்சல் மாத்திரைக்கும் பெட்டித் தாளை எடுக்கச் சொல்லிப் படிக்க வைப்பாள். முதலாளி முதலில் பல்லைக் கடித்தார். பிறகு அந்த நேரத்தில் டீ குடிக்கப் போய்விடுவார். அவள் என்னை மன்னித்துவிட்டாளா என்று நான் கேட்டதில்லை. கேட்டால் அதற்கும் ஏதாவது தாள் எடுத்துப் படிக்கச் சொல்வாள்.

நான் ஓய்வு பெறுவதற்கு முந்தின வாரம். அவள் ஸ்டூலில் உட்கார்ந்திருக்க நான் படித்துக்கொண்டிருந்தேன். வரிசையில் அடுத்து நின்றவன் ஹெல்மெட்டைக் கழற்றாமல் பைக் சாவியால் கவுன்ட்டர் கண்ணாடியைத் தட்டிக்கொண்டே இருந்தான். "இன்னா மேடம், இது கடையா, டியூஷன் சென்டரா?" பிலோமினா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நான் முடித்தேன். அவள் மருந்தை எடுத்துக்கொண்டு, படியில் கால் வைக்கும் முன் வழக்கம்போல் சுவரைப் பிடித்து நின்று, கண் பழகிய பிறகு இறங்கிப் போனாள். அவன் அதைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அவன் முறை வந்தது. வீட்டில் அம்மாவுக்கு இருமல் மருந்து. நான் பாட்டிலை எடுத்து வைத்தேன். அவன் எடுக்கவில்லை. ஹெல்மெட்டைக் கழற்றிக் கையிடுக்கில் வைத்துக்கொண்டு மெதுவாகச் சொன்னான்.

"அதுக்கும் படிச்சுடுங்க."

நான் முப்பத்தொரு வருஷம் விற்ற இருமல் மருந்து அது. தாளைப் பிரித்துப் படித்தேன். எனக்குத் தெரியாத வரி அதில் இரண்டு இருந்தது.